பக்கத்து வீட்டுக் குழாய்

கொம்பையாவின் பீடிப் புகைதான் முதலில் தப்பான வழியில் போனது.

பழைய குளியலறைச் சுவரை உடைத்து, துருவேறிய இரும்புக் குழாய்களை அறுத்தெடுத்துவிட்டு, புது பிவிசி பைப்பை வேறு பக்கமாகக் கொண்டுபோகிற வேலை. நல்ல வெயில் நேரம். கரண்டு இல்லை, தெருவில் ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. அறுத்த குழாய் ஒன்றின் எதிரே குத்தவைத்து அவன் ஊதிய புகை, மேலே போகாமல் நூல்போல் நீண்டு, அந்தக் குழாயின் வாய்க்குள் போய்க்கொண்டே இருந்தது.

"இந்த ஊர்ல பைப்புக்கும் தாகம் எடுக்கு யக்கா. பீடிப் புகையக்கூட விடமாட்டேங்கு," என்று சிரித்தவன், குழாய் போகும் திசையைப் பார்த்தான். "இது என்ன, அடுத்த வீட்டுப் பக்கம்லா போகுது?"

ஜானகியம்மாள் திரும்பிப் பார்த்தாள். அடுக்களையில் மருமகள் பூங்கொடி மல்லி இடிக்கிற சத்தம் நிற்கவில்லை.

"தூர்த்துப்போட்ட பழைய கிணத்து லைனு. டம்மி போட்டு மூடிரு," என்றாள்.

குடிதண்ணீர் எப்போதாவது வரும் ஊர் அது. வருகிற அன்று தெருவே மோட்டாரை மாட்டி உறிஞ்சும். எல்லோரும் செய்கிற தப்பு என்பதால் அதில் யாருக்கும் வெட்கமில்லை. ஜானகியம்மாளின் புருஷன் செய்தது வேறு. பொதுச் சுவருக்கு அடியில் தோண்டி, அடுத்த வீட்டுச் சோலையம்மாளின் இணைப்பிலேயே ஒரு குழாயைச் சொருகி, தன் குளியலறைக்குள் கொண்டுவந்தார். அதற்கு ஒரு வால்வு, வெந்நீர் அண்டாவுக்குப் பின்னால். அவர் செத்த பிறகும், தண்ணீர் வருகிற நாளெல்லாம் அந்த வால்வைத் திறந்தது ஜானகியம்மாளின் வலது கை.

சோலையம்மாள் தன் குழாய்க்கடியில் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே கிடப்பாள். "காத்துதான் வருது மதினி," என்பாள். தெய்வக் குற்றம் என்று நம்பி, குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினாள். பக்கத்தில் நின்று ஜானகியம்மாளும் கும்பிட்டாள். கடைசியில், எட்டயபுரம் ரோட்டுக் கரிசல்காட்டுக் கிணற்றில் இறங்கப் போனவள், படி வழுக்கி விழுந்தாள். குடம் மட்டும் மிதந்தது.

சோலையம்மாள் விட்டுப்போன தாயில்லாப் பிள்ளை பூங்கொடியைத் தன் மகன் தங்கசாமிக்குக் கட்டிவைத்ததற்காக ஊர் ஜானகியம்மாளை மகராசி என்றது. அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவள் தலை குனிந்தது. அதையும் அடக்கம் என்றார்கள். சோலையம்மாளின் வீடு பூட்டியே கிடந்தது.

கொம்பையா டம்மியை இறுக்கி, சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போனான். இனி அந்தக் குழாய் பூங்கொடியின் கண்ணில் படாது.

முதலில் வாடை வந்தது. மழையின் சுவடே இல்லாத சித்திரையில், குளியலறைக் கதவைத் திறந்தால் நனைந்த கரிசல்மண் வாடை. அப்புறம், காலிக் குடத்தை நகத்தால் சுண்டிப் பார்ப்பதுபோல டைல்ஸுக்குப் பின்னால் ஒரு சத்தம். மாடித் தொட்டி நிரம்பியிருந்தும் புதுக் குழாயைத் திருகினால் சொட்டு இல்லை. நீளமாக ஒரு மூச்சு உள்ளே இழுபடும். கொம்பையா வந்து நின்றால் தண்ணீர் கொட்டும். அவன் தெருமுனை தாண்டினால் நின்றுவிடும்.

அன்று தங்கசாமி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிருந்தான். குளியலறைக்குள் போன ஜானகியம்மாள் அப்படியே நின்றாள். பளபளக்கும் புதுக் குழாயில் மஞ்சள். நடுவில் குங்குமம். அடியில் ஒரு குடம். பக்கத்தில் கைகட்டி நின்ற பூங்கொடி.

"காத்துதான் வருது அத்தே. எங்கம்மா இப்பிடித்தான் செய்வா. நான் என்ன குத்தம் செஞ்சேன்னு கேட்டுக் கேட்டு அழுவா."

சோலையம்மாள் ஒரு குற்றமும் செய்யவில்லை. அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். ஜானகியம்மாள் வாயைத் திறந்தாள்.

"உலை கொதிக்கு, போய்ப் பாரு," என்றாள்.

பூங்கொடி போனாள். ஜானகியம்மாள் குங்குமத்தை அழிக்கக் கையை நீட்டினாள். வலது கை. துடைத்த கை நழுவி, குழாயின் வாயில் பட்டது.

ஒட்டிக்கொண்டது.

கன்றுக்குட்டி மடியைக் கவ்வியதுபோலச் சப்பி இழுத்தது. அவள் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. வலி இல்லை. ஏதோ ஒன்று மட்டும் கைவழியாகப் போய்க்கொண்டே இருந்தது. நகங்கள் வெளுத்தன. தோல் சுருங்கியது. உள்ளங்கை ரேகைகள் பிளந்தன. கோடைக் கரிசல்போல, பாளம் பாளமாக. ரத்தம் இல்லை. வெடிப்புக்குள் ஈரமே இல்லை.

கத்தினால் பூங்கொடி வருவாள். வந்தால் கேட்பாள்.

சேலைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள்.

சுவருக்கு அப்பால் தண்ணீர் விழுந்தது. குடத்துக்குள். முதலில் கனத்து, நிரம்ப நிரம்ப மெலிந்து.

"அத்தே, எங்கம்மா வீட்டுல தண்ணி வருது." பூங்கொடியின் குரலில் அப்படியொரு சந்தோஷம். ஆணியிலிருந்து சாவியை எடுக்கிற சத்தம். வாசல் தாண்டும் காலடி.

வெடிப்பு முழங்கையை எட்டியிருந்தது.

அடுத்த வீட்டுப் பூட்டில் சாவி திரும்பியது. கதவு இன்னும் திறக்கவில்லை. அதற்குள், சுவருக்கு அந்தப் பக்கம், நிரம்பிய குடத்தை யாரோ மெல்ல நகர்த்திவிட்டு, அடுத்த குடத்தை வைத்தார்கள்.