பதினேழாம் தகடு

ஒரு பொட்டு மழை இல்லாத சித்திரையில், ஒலக்கூருக்கு அப்பாலுள்ள காப்புக்காட்டின் செயற்கைக்கோள் படம் முழுக்கச் சாம்பலாய்க் கிடக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் சிவந்திருந்தது. கலைமதியின் திரையில் சிவப்பென்றால் உயிருள்ள பச்சை இலை. காடு நலமாக இருக்கிறதா என்று திண்டிவனத்து வாடகை வீட்டிலிருந்து அவள் படத்தில் பார்ப்பாள். அவள் கணவன் நெடுஞ்செழியன் அந்த இடத்துக்கே போய், மரத்தில் எண் பொறித்த அலுமினியத் தகடு அடித்து, படிவத்தில் இடக்குறிப்பை எழுதிக் கையெழுத்திடுவான். படமும் படிவமும் முரண்பட்டால் வனத்துறையில் படிவத்தைத்தான் நம்புவார்கள்.

"நானே பார்த்துட்டு வந்தேன் கலை. வெறும் முள்ளு. படத்துலதான் ஏதோ கோளாறு."

கட்டியவன் சொல்லை அவள் சந்தேகிக்கவில்லை.

ஐந்து நாளுக்கொரு படம். அடுத்ததில் சிவப்பு காட்டோரத்துக்கு வந்திருந்தது. பிறகு கடலைச் செடி பிடுங்கிய மல்லாட்டைக் கொல்லையில். பிறகு நெடுஞ்சாலையோரம், பட்டுப்போன புளியமரத்தில். காட்டுக்குக் கால் முளைத்துவிட்டதா என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டாள்; ஆனாலும் ஈர இலை மக்கும் வாசனை, எத்தனை முறை பினாயில் ஊற்றித் தரையைக் கழுவினாலும் போகாமல் கட்டிலைச் சுற்றியே கிடந்தது, வெயில் தாழ்ந்தால் எங்கோ மரம் நெரிபடும் சத்தமும் கேட்டது.

"மண்டகப்பட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வர்றேங்க."

"சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காத. விழுப்புரத்துல மீட்டிங்கு, நாலு நாள்ல வந்துடுவேன். நீ எங்கயும் போகாத, வீட்லயே இரு."

அந்த அக்கறையில் அவள் மனம் குளிர்ந்துபோனது.

இன்று பொழுது சாய்கையில் புதுப் படம் வந்தது. மரமே இல்லாத தெருவில் ஒரு மொட்டைமாடிமேல் சிவப்பு. அவள் வீடு.

கட்டிலில் உட்கார்ந்தபடியே அவனுடைய படிவக் கட்டைப் பிரித்தாள். தகடு பதினான்கு, காட்டோரம். பதினைந்து, கொல்லை. பதினாறு, புளியமரம். எல்லாம் படம் வருவதற்கு முந்தைய தேதிகள். பதினேழு, இந்த வீடு. அவன் அடித்த தகடுகளின் பின்னாலேயே அந்தக் காடு வந்திருக்கிறது.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. பயத்தைவிட அவமானம்தான் முதலில் சுட்டது. எட்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

அவனுக்குப் போன் போட்டாள். எடுத்தான். அவள் கேட்பதற்கு முன்பே அவன் பேசினான். அவனுக்கே தெரிந்திருந்தது.

"அதுக்கு ஒரு ஆள் வேணுமாம் கலை. மொதல்ல என்னைத்தான் கேட்டுது."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கட்டில்லதான உக்காந்துக்கினு இருக்க?"

குனிந்து பார்த்தாள். கட்டில் காலின் உட்புறம் தகடு. பதினேழு. ஆணி அடித்த இடத்தில் ஒரு துளிர். கல்யாணத்துக்கு வாங்கிய தேக்கு. அதன் கால் தரையைப் பிளந்து உள்ளே இறங்கியிருந்தது.

எழுந்தாள். வலது பாதம் வந்தது.

இடது பாதம் வரவில்லை.

வலிக்கவில்லை. குதிகாலிலிருந்து வெள்ளையாய் ஒரு வேர், நிதானமாக, தரை விரிசலுக்குள் போய்க்கொண்டிருந்தது.