கதவு பிடிக்கிறவள்

சீவலப்பேரியைத் தாண்டி ஆற்றோரமாகவே போனால் வரும் ஒரு ஊர். பேர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்காது. கோயில் கொடைக்கு வருஷா வருஷம் ஆடல் பாடல் வைப்பார்கள். வைகாசி வெள்ளிக்கிழமை நாலு மணி வெயிலில் அப்பாத்துரையின் வேன் அங்கே போய் நின்றபோது, முத்துராணி ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தாள்.

அது அவளுக்கு முதல் மேடை. சாத்தான்குளத்துக்காரி, இருபத்தாறு வயது. டவுன் ஜவுளிக்கடையில் ஐந்து வருஷம் நின்றே கால் வீங்கியவள். புருஷன் போன இடம் தெரியாது. ஏழு வயதில் ஒரு மகள். ஆட்டம் மட்டும் பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆடத்தான் வந்தாள். ஆட்டத்தைத் தவிர வேறெதற்கும் ஆளில்லை என்று அப்பாத்துரையிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

அப்போது அவள் கேட்டது ரெண்டே ரெண்டு. உடுப்பு மாற்ற உள்தாழ்ப்பாள் போட்ட அறை வேண்டும். போன் தன் கையிலேயே இருக்க வேண்டும்.

"அதெல்லாம் இருக்கும்மா. பதினெட்டு வருசமா குரூப் நடத்துதேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பாத்துரை. வேன் ஓட்டுவது, மைக் பிடிப்பது, பாட்டு போடுவது எல்லாமே அவர்தான்.

பாளையங்கோட்டை தாண்டியதும் வேனை ஓரங்கட்டி, நாலு பெண்களின் போனையும் வாங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொண்டார். மேடையில் நிற்கும்போது போன் அடித்தால் குரூப் பேர் கெட்டுப்போகுமாம். ஒன்று போயிற்று.

மாற்றும் அறை என்று காட்டியது மூடிக்கிடந்த ரைஸ் மில்லின் உமி அறை. கோயில் மேடைக்குப் பின்னால், வேலிக்கருவைக்கு நடுவே, கூப்பிட்டால் கேட்காத தூரம். ஜன்னல் கிடையாது. உள்ளே போனதும் பழைய உமியின் புளிச்ச வாடையும், அதற்கு அடியில் ஆற்றுச் சேற்று வாடையும் மூக்கில் ஏறின. ஆறு இருப்பதோ அரை மைலுக்கு அந்தப் பக்கம். பல்பு ஒன்று அழுது வடிந்தது.

முத்துராணி கதவைத்தான் முதலில் பார்த்தாள். உள்பக்கமாகத் திறக்கும் ஒற்றைப் பலகைக் கதவு. வெளியே ஒரு இரும்பு வளையம். உள்ளே தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைகள்தான் மிச்சம். பலகையோடு பிய்ந்து வந்திருந்தது.

மில்லுக்குச் சொந்தக்காரர் இசக்கியப்பன், விழாக் கமிட்டியிலும் பெரிய ஆள். வெள்ளைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"தாழ்ப்பாள் இல்லையே?" என்று கேட்டாள்.

"நம்ம ஊர்ல என்னம்மா பயம்? எல்லாரும் தாயா புள்ளையா பழகுத ஊரு. நாளைக்கு ஆசாரியை வரச்சொல்லிப் போட்டுருவோம்."

"ப்ரோகிராம் இன்னைக்குல்லா?"

அவர் சிரித்தார். "புதுசா?" என்று அப்பாத்துரையைக் கேட்டார். அப்பாத்துரையும் சிரித்தார். அந்த ரெண்டு சிரிப்பையும் வழித்தெடுத்து ஆற்றில் எறியலாம் போல முத்துராணிக்கு ஆத்திரம் வந்தது. இடுப்பில் கிடந்த சேப்டி பின்னைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

குரூப்பில் மூத்தவள் ஸ்டெபி. பத்து வருஷ மேடை. மூடி திறந்த பாட்டிலில் கலர் வாங்கிக் குடிக்காதே, ஆம்பளைகள் நிற்கிற பக்கத்துப் படியில் இறங்காதே, எவன் கேட்டாலும் சொந்தப் பேரைச் சொல்லாதே என்று வேனிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள். இப்போது இன்னொன்றும் சொன்னாள்.

"தாழ்ப்பாள் இல்லாத எடத்துல ஒருத்தி வெளிய நின்னு வளையத்தை இழுத்துப் பிடிப்பா. மத்தவ உள்ள மாத்துவா. புதுசா வந்தவதான் பிடிக்கணும். நம்ம குரூப்புல அதான் வழக்கம்."

"செரி. எனக்கு யாரு பிடிப்பா?"

ஸ்டெபி உதட்டுச்சாயத்தைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"உனக்கு நாலாவது பாட்டு. அப்ப நாங்க மூணு பேரும் மேடையில நிப்போம். கதவுல முதுகைக் குடுத்துக்கிட்டு வெரசா மாத்திக்கோ, ஏளா. நானும் அப்படித்தான் மாத்துனேன்."

இது என்ன வழக்கம் என்று முத்துராணிக்கு மண்டை காய்ந்தது. ஊரும் ஆளும் எதுவும் தெரியாதவளைக் கடைசியில் தனியே விட்டுவிட்டுப் போகிற வழக்கம். இதை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ. சண்டை போடலாம். போட்டால் மேடை போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து வளையத்தைப் பிடித்தாள்.

போலீஸ் கொடுத்த நேரம் பத்து மணிவரை என்பதால் ஏழு மணிக்கே ஆட்டம் தொடங்கிவிட்டது. இருட்டும் அப்போதுதான் இறங்கியது. ஒருத்தி, அடுத்தவள், கடைசியில் ஸ்டெபி என்று வரிசையாக மாற்றிக்கொண்டு மேடைக்கு ஓடினார்கள். முத்துராணி உள்ளே நுழைந்து கதவைச் சாத்தி, முதுகால் அழுத்திக்கொண்டு சுடிதாரைக் கழற்றினாள்.

மேடையில் பாட்டு முழங்கியது. மில்லின் தகரக்கூரை அதிர்ந்தது.

வெளியே சருகில் செருப்புச் சத்தம்.

"ஆள் இருக்கு," என்றாள்.

சத்தம் நிற்கவில்லை. கதவு முதுகில் இடித்தது.

"ஆள் இருக்குன்னு சொல்லுதேம்லா!"

"தெரியும்மா. பைய தெற." இசக்கியப்பனின் குரல். சாராய வாடை பலகை இடுக்கு வழியாகவே உள்ளே வந்தது.

அவள் கத்தினாள். அந்தக் கத்தல் மேடைப் பாட்டைத் தாண்டி ஒரு அடி போகாது என்பது கத்தும்போதே தெரிந்தது. குதிகாலைத் தரையில் ஊன்றித் தள்ளினாள். உமித்தூசியில் கால் வழுக்கியது. கதவு நாலு விரல்கடை திறந்துகொள்ள, அந்த இடுக்கில் மோதிரம் போட்ட கை நுழைந்து பலகையைப் பற்றியது.

கதவு சாத்திக்கொண்டது.

அவள் சாத்தவில்லை. வெளியேயிருந்து யாரோ வளையத்தை இழுத்திருந்தார்கள். விரல்கள் நொறுங்கிய சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. கதவு ஒரு கணம் தளர்ந்து கையை வெளியே விட்டது. பிறகு அசையாமல் இறுகியது.

"நான் பிடிச்சிருக்கேன். நீ மாத்து," என்றது வெளியே ஒரு பெண்குரல்.

முத்துராணிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருத்தியாவது வந்தாளே. பாவாடையை இழுத்துக் கட்டினாள்.

"ஸ்டெபி அக்காவா?"

"இல்ல. பிரம்மநாயகி."

அந்தப் பேரில் குரூப்பில் யாரும் இல்லை. கமிட்டிக்காரர் வீட்டுப் பெண்ணாக இருக்குமோ என்று நினைத்தாள்.

"அவசரப்படாத. ஊக்கை எல்லாம் ஒழுங்கா மாட்டு. நான் எங்கயும் போகல."

குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. பேச்சுக்கு நடுவே மட்டும் கொப்பளிப்பது போல ஒரு சத்தம். சேற்று வாடை இப்போது தொண்டையை அடைத்தது.

"மாத்திட்டேன்," என்றாள்.

கதவு தளர்ந்தது. திறந்து பார்த்தாள்.

யாரும் இல்லை.

பத்தடி தள்ளி இசக்கியப்பன் மண்டியிட்டுக் கிடந்தார். நசுங்கிய கையை மார்போடு அணைத்திருந்தார். அவர் பார்த்தது முத்துராணியை இல்லை. அவளுக்கு வலது பக்கம், வளையம் தொங்குகிற இடத்தையே பார்த்தார். எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து வேலிக்கருவைக்குள் ஓடிப்போனார்.

முத்துராணி வளையத்தைத் தொட்டாள். ஈரமாக இருந்தது.

மேடையில் அப்பாத்துரை அவளுடைய பாட்டை அறிவித்துக்கொண்டிருந்தார். ஓடினால் போய்விடலாம். ஒரு அடி வைத்தாள்.

"இப்ப எனக்குப் பிடி."

குரல் பின்னாலிருந்து வந்தது. அறைக்குள்ளிருந்து.

முத்துராணி இப்போதுதான் அங்கேயிருந்து வெளியே வந்திருக்கிறாள். ஜன்னல் இல்லாத அறை. உள்ளே பல்பு அணைந்திருந்தது.

"எனக்கு யாரும் கதவைப் பிடிக்கல. ஒரு நிமிசம் பிடி."

கால்கள் ஓடத்தான் துடித்தன. ஆனால் அவளை அங்கே நிறுத்தியது பயத்தைவிடப் பெரிய எரிச்சல். எல்லோரும் இப்படித்தான் ஓடியிருக்கிறார்கள். பாட்டு வந்துவிட்டது, நேரமாகிவிட்டது என்று ஆளாளுக்கு ஒரு சாக்கு. தானும் ஓடினால் தனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

கதவைச் சாத்தினாள். ரெண்டு கையாலும் வளையத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே வளையல் சத்தம்.

ஈரத்துணியைப் பிழிகிற சத்தம். தண்ணீர் தரையில் சொட்டி, கதவுக்கு அடியில் கசிந்து, அவள் கால்விரலை நனைத்தது. ஐஸ் போலக் குளிர்ந்தது.

அவள் கையை எடுக்கவில்லை.

பாட்டு ரெண்டு தடவை முதலிலிருந்து ஓடி நின்றுபோயிற்று. கூட்டம் விசிலடித்தது. அப்பாத்துரை மைக்கை வைத்துவிட்டு ஓடி வந்தார், பின்னாலேயே ஸ்டெபி.

"என்னம்மா இங்கன நின்னு வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கே? பாட்டு போட்டு எவ்வளவு நேரமாச்சு! குரூப் மானத்தையே வாங்கிட்டியே!"

"உள்ள ஆள் மாத்துது அண்ணாச்சி."

"எல்லாரும் வெளிய நிக்காளுவ. உள்ள எவ இருக்கா?"

"பிரம்மநாயகி."

ஸ்டெபி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாத்துரை கை தோள்பைக்குப் போய், பையின் வாரை இறுக்கிப் பிடித்தது.

"யாருக்கா அது?" என்றாள் முத்துராணி.

"மூணு வருசத்துக்கு முன்னால," என்றாள் ஸ்டெபி. "இதே கொடை. இதே ரூம். அவதான் புதுசு. கதவைப் பிடிங்கக்கா, பிடிங்கக்கான்னு என்னைக் கெஞ்சுனா. என் பாட்டு ஆரம்பிச்சிட்டுன்னு போயிட்டேன். திரும்பி வந்தா ஆளைக் காணல. பயந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டான்னு அண்ணாச்சி சொன்னாவ. மூணாம் நாள் ஆத்துக்குள்ள நாணல்ல கெடந்தா."

"தெரிஞ்சுக்கிட்டே இதே ரூமையா குடுத்திய?" முத்துராணி அப்பாத்துரை பக்கம் திரும்பினாள். "தாழ்ப்பாள் கேட்டேனே அண்ணாச்சி. ஒரு தாழ்ப்பாள்!"

"சத்தம் போடாத. ஊர்க்காரங்க காதுல விழுந்திரும்," என்றார் அப்பாத்துரை. அப்போதும் அவருக்கு அதுதான் கவலை.

உள்ளேயிருந்து கதவு ஒரு தடவை தட்டப்பட்டது.

"மாத்திட்டேன்," என்றது குரல். "அண்ணாச்சி, வேனை எடுங்க. நான் அழுதப்ப, பேசாம இரி, நானே வீட்டுல கொண்டு விடுதேன்னு சொன்னீங்கல்லா?"

ஸ்டெபி மெல்லத் திரும்பி அப்பாத்துரையைப் பார்த்தாள். பஸ் ஏறிப் போனவளிடம் இவர் எப்போது அப்படிச் சொன்னார்?

முத்துராணி வளையத்தை விட்டாள். கதவு தானாக உள்ளே திறந்தது. உமித்தூசியில் ஈரமான வெறுங்கால் தடம் ஒன்று வாசலுக்கு வந்தது. பின்னால் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பதிந்து, முத்துராணியை உரசாமல் சுற்றி, அப்பாத்துரைக்கு நேர் எதிரே வந்து நின்றன. அவர் முகத்திலிருந்து தண்ணீர் வழிந்தது. வியர்வை அவ்வளவு வழியாது. பிறகு தடங்கள் வேன் நிற்கும் பக்கம் திரும்பின. அவர் கால்களும் திரும்பின. வாரை விட்டுவிட்ட கை பக்கவாட்டில் நீண்டிருந்தது, யாரோ பிடித்து நடத்துகிற மாதிரி.

முத்துராணி பாய்ந்து அவர் தோளிலிருந்து பையை உருவிக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

நாலு பெண்களும் அலங்காரத்தோடேயே ரோட்டுக்கு ஓடி, எட்டேகால் டவுன் பஸ்ஸை மறித்து ஏறினார்கள். அவரவர் போன் அவரவர் கைக்கு வந்தது.

"என்னம்மா, உங்க வேன் பின்னாலயே வருது. அதுல போக வேண்டியதுதானே?" என்றார் கண்டக்டர்.

முத்துராணி பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வேனுக்குள் விளக்கு எரிந்தது. ஓட்டுகிற இடத்தில் அப்பாத்துரை உட்கார்ந்திருந்தார். ரெண்டு உள்ளங்கையும் முன்கண்ணாடியில் அப்பி, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்.

ரோடு பிரிகிற விலக்கு வந்தது. பஸ் திருநெல்வேலிக்கு நேராகப் போயிற்று. வேன் வலதுபக்க விளக்கைப் போட்டு, நிதானமாக, ஒரு வளைவும் பிசகாமல் வாழைத்தோப்புக்குள் போகும் மண்ரோட்டில் திரும்பியது.

"அங்கன எந்த ஊரு?" என்று கேட்டாள் முத்துராணி.

ஸ்டெபி போகிற வேனின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவ அம்மா வீடு."