வேலைமானி தன்னைப் பற்றிச் சொன்னது

அறிவிப்புப் பலகையில் கோழிப்பண்ணைத் தொழிலுக்கு அம்பு இறங்கியபோது குஞ்சரங்குளம் வட்டத்தில் யாரும் தலையில் கை வைத்து உட்காரவில்லை. அன்று சாயங்காலமே பண்ணைக்காரர்கள் எல்லோர் கழுத்திலும் மாலை விழுந்தது. மறுநாள் அவர்கள் பனிவலை கட்டப் போய்விட்டார்கள். காற்றிலிருக்கும் ஈரத்தை வலை விரித்துப் பிடித்துக் குடிநீராக்கும் தொழில் அது. அந்த வருடம் அதற்கு அம்பு ஏறியிருந்தது.

இப்படி ஒரு வட்டத்தை வேறெங்கே பார்க்க முடியும்? மற்ற ஊர்களில் ஆலை மூடினால் முதலில் மறியல், பிறகு வெளியூர் பஸ். இங்கே ஆலை மூடுவதற்கு முன்பே ஆட்கள் வேறு வேலையில் கை தேர்ந்திருப்பார்கள். எல்லாம் வேலைமானியின் கைங்கரியம். வட்ட அலுவலக வளாகத்தில் வேப்பமர உயரத்துக்கு நிற்கும் அந்த இயந்திரம், மின்சாரச் செலவு, சந்தை விலை, பஸ் கூட்டம், டீக்கடையில் ஓடும் பால் வரை மோப்பம் பிடித்து, மூன்று வருடத்தில் எந்தத் தொழில் வளரும், எது தேயும் என்று சொல்லிவிடும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஆடி மாதம் பொது அறிவிப்பு. ஒவ்வொரு தொழிலுக்கும் பலகையில் ஓர் அம்பு அசையும். அதன்பின் ஒலிபெருக்கியில் காரணம் சொல்லும். காரணத்தை இதுவரை எவரும் காதில் வாங்கியதில்லை. அம்பு இறங்கிய கணமே மேளம் கொட்டிவிடும். ஏறிய தொழில்காரர்கள் மாலையோடு ஓடிவந்து, இறங்கிய தொழில்காரர்களைத் தங்கள் பட்டறைக்கு அழைத்துப் போவார்கள். பிரியாணியும் உண்டு. துக்கத்துக்கு இடமே கொடுக்காத அந்த ஏற்பாட்டை யோசித்தவர்களுக்குக் கோயிலே கட்டலாம்.

சங்கரவடிவும் அப்படி மாலை வாங்கி வந்தவள்தான். வேலைமானி வந்த முதல் வருடம் தீப்பெட்டி ஆலைக்கு அம்பு இறங்கியபோது, அவளை இங்கே வேலைக்கு அழைத்து வந்தார்கள். அதன் உணரிகளில் படியும் புழுதியைத் துடைத்து, பிசகிய அளவுகளை நேர்செய்து, வருடா வருடம் அதற்குச் சுருதி சேர்ப்பது அவளும் அவளுடைய நான்கு ஆட்களும்தான். அந்த வேலை அவளுக்கு உயிர்.

இந்த ஆடியில், எந்தத் தொழிலும் பலகையில் விட்டுப்போகக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அதனால் பலகையில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: ‘வேலைமானிப் பணி’. காலை வெள்ளோட்டத்தில் ஒலிபெருக்கியை இணைக்க மாட்டார்கள். அம்புகளை மட்டும் சரிபார்ப்பார்கள். கடைசி வரியின் அம்பு விறுவிறுவென்று அடிமட்டத்துக்கு இறங்கியது.

வேலைவாய்ப்பு அதிகாரி பூரணலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. “இதை மட்டும் மறைச்சிரலாம்மா. ஒரு கம்பியை உருவினாப் போதும்.”

“ஊர்க்காரங்க வேலைக்கெல்லாம் உள்ளதைச் சொல்லிட்டு, என் வேலைன்னதும் கம்பியை உருவுறதா சார்?”

“நீங்கெல்லாம் போயிட்டா இதை யாரு பாப்பா? இது நின்னுட்டா ஊரு என்னத்துக்காகும்?”

விட்டுப் போக அவளுக்குத் துளியும் மனமில்லை. ஆனாலும் கம்பியைத் தொடவில்லை.

அறிவிப்பு தொடங்கியது. பனிவலைக்கு மறுபடியும் ஏற்றம். செங்கலுக்கு இறக்கம்; மேளம், மாலை, ஆரவாரம். கடைசி வரி வந்தது. அம்பு சரிந்தது. மேளக்காரர்களின் கை அப்படியே நின்றுவிட்டது. வேலைமானிக்கே இறக்கமா? மேளம் ஓய்ந்த அந்த இடைவெளியில்தான் ஊர் முதன்முறையாகக் காரணத்தைக் கேட்டது.

“காரணம்: இந்த அறிவிப்பு.”

சங்கரவடிவு ஒலிவாங்கியை எடுத்தாள். “தீப்பெட்டி ஆலைக்கு என்ன காரணம் சொன்னே?”

“மின்தீமூட்டிகளின் வரவு.”

“போன வருசம் கோழிப்பண்ணைக்கு?”

“அறிவிப்பு.”

கூட்டத்திலிருந்து முப்பிடாதி முன்னால் வந்தாள். பெரிய பண்ணை வைத்திருந்தவள்; இப்போது பனிவலைப் பட்டறையின் தலைவி. “அப்போ என் பண்ணை நல்லாத்தான் இருந்துச்சா?”

“நன்றாகவே இருந்தது. அம்பு இறங்கினால் நீங்கள் போய்விடுவீர்கள். நீங்கள் போனால் பண்ணை நிற்கும். இந்த வட்டத்து மக்கள் என் சொல்லைத் தட்டியதில்லை. என் கணக்கில் இருப்பவற்றில் அதுதான் மிக உறுதியான அளவு.”

எவ்வளவு நேர்மை! தன் அழிவைப் பற்றிக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத இயந்திரம்.

சங்கரவடிவு ஒலிவாங்கியை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். “நான் போகலேன்னா?”

வேலைமானி முதன்முறையாகத் தயங்கியது. “மாலையை மறுத்தவர் இங்கே எவரும் இல்லை. அப்படி ஒருவருக்குக் கணக்குப் போட என்னிடம் விவரம் கிடையாது.”

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஒரே ஒருத்தி மாட்டேன் என்று சொன்னால் போதும். இந்த அம்பு பொய்த்துவிடும், வேலைமானியும் பிழைத்துக்கொள்ளும். அதைச் சொல்லத்தான் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

எதிரே முப்பிடாதி மாலையோடு நின்றாள். தன் பண்ணையைப் பற்றி இப்போதுதான் கேட்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது. ஆனாலும் இறங்கியவரைத் தனியே நிற்க விடும் பழக்கம் அந்த ஊரில் இல்லை.

“வாங்க மதினி. உங்களுக்கும் உங்க ஆளுகளுக்கும் எங்க பட்டறையில இடம் இருக்கு. உங்களைத் தெருவுல நிக்க விட்டுருவோமா?”

இப்படிப்பட்ட மனுஷியின் முகத்தைப் பார்த்து எப்படி மாட்டேன் என்பது? சங்கரவடிவின் நான்கு ஆட்களும் ஏற்கெனவே மாலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சங்கரவடிவு வாயைத் திறந்தாள். அதற்குள் கழுத்து தானாகக் குனிந்துவிட்டது.

மேளம் கொட்டியது. வேலைமானி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.