பக்கத்து சீட்டின் ஈரம்

அந்த வண்டியைப் பம்மலில் உள்ள பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது, அதன் நாற்றத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. தோல் கம்பெனிகள் இருக்கும் ஊரில் எந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று யார் பிரித்துப் பார்ப்பது?

ஜப்பானில் செய்த, டர்போ வைத்த நீளமான வேகன் அது. யாரோ ஒரு வெளிநாட்டு அதிகாரி விட்டுப்போனது. கோவளத்தில் ஒரு கருவாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் கிடந்தது. சேலையூரில் வீடும், ஐடி வேலையும், கைக்குழந்தையும் உள்ள ஜேசனுக்கு அதைப் பார்த்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். இவன் விஷயத்தில் மூக்கையும் அறியவில்லை.

மெக்கானிக் மோகன்ராஜ் டர்போவைப் பிரித்துச் சரிசெய்தார். பெரிய இன்டர்கூலர், புது சஸ்பென்ஷன், புது பிரேக் எல்லாம் ஏறின. மிதித்தால் வண்டி பறந்தது. ஜேசன் பெருமையாக வீட்டுக்கு ஓட்டிப்போய், மனைவி ஜெரூஷாவைக் குழந்தையோடு முன் சீட்டில் உட்காரவைத்தான்.

உட்கார்ந்த வேகத்தில் இறங்கி, கேட்டுக்கு வெளியே வாந்தி எடுத்தாள்.

"சீட்டு ஈரமா இருக்கு ஜேசன். யாரோட வேர்வையோ என் முதுகுல ஒட்டுது. இது சரியாகுற வரைக்கும் நானும் பாப்பாவும் அம்மா வீட்லயே இருக்கோம்."

சொன்னபடியே குரோம்பேட்டைக்குப் போய்விட்டாள்.

பட்டறைக்குத் திரும்பி வந்த வண்டியில் மோகன்ராஜ் அந்த சீட்டின் ஃபோமையும் உறையையும் புதிதாக மாற்றினார். மறுநாள் காலையில் அதுவும் ஆள் உட்கார்ந்த அச்சாக நனைந்திருந்தது. ஒரு முதுகு. இரண்டு தொடைகள். துணியால் துடைத்தால் மஞ்சளாக, பிசுபிசுவென்று நூல் விட்டது. பல மாதம் துவைக்காத தலையணை உறையின் வாடை.

"மழையும் இல்ல. ரேடியேட்டர், ஏசி ரெண்டையும் காலி பண்ணிட்டேன். அப்பவும் சொட்டிக்கினே கீது சார்," என்றார் மோகன்ராஜ்.

இருவரும் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார்கள்.

சொட்.

சீட்டின் விளிம்பிலிருந்து கால்மிதியில் விழுந்தது.

சொட்.

ஒழுகுவது எது என்று தெரியாவிட்டால் பட்டறைக்காரர்கள் விரலில் தொட்டு நாக்கில் வைப்பார்கள். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் என்றால் இனிக்கும். ஏசி தண்ணீர் என்றால் சப்பென்றிருக்கும். ஜேசனுக்கும் இது தெரியும். அவன் விரலை நீட்டினான்.

"வாயில வெக்காதீங்க சார்," மோகன்ராஜ் குரலைத் தாழ்த்தினார். "நானே வெக்கல."

பெண்டாட்டி பிள்ளை இல்லாத வீடு ஜேசனைத் தின்றுகொண்டிருந்தது. இன்றைக்கே இதற்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும் அவனுக்கு. தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு.

வெதுவெதுப்பான உப்பு.

காறித் துப்பினான். தொண்டையில் விரலை விட்டான். நாக்கின் அடியில் ஒரு முடி ஒட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கப் பிடிபடாமல் வழுக்கி உள்ளே போய்விட்டது.

அப்போது வண்டிக்குள் ஸ்பிரிங் முனகியது. அமுங்கியே கிடந்த அந்த சீட்டு, யாரோ எழுந்துகொண்டது போல மெல்ல மேலே வந்தது.

அதோடு சொட்டுவதும் நின்றது.

மறுநாள் சீட்டு அப்பளமாகக் காய்ந்திருந்தது. வாடையும் இல்லை. சேதி கேட்டு ஜெரூஷா வந்தாள். சீட்டில் உட்கார்ந்து, முகர்ந்து பார்த்து, நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"இப்போதான் மனுஷங்க போற வண்டி மாதிரி இருக்கு," என்றாள்.

ஜேசன் பக்கத்தில் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். குளித்துக் குளித்துத் தோல் எரிந்தது. ஆனாலும் வேர்வை நிற்கவில்லை. கைக்குட்டை மஞ்சளாகியிருந்தது.

"அப்பாகிட்ட போறியா?" என்று ஜெரூஷா குழந்தையை நீட்டினாள்.

அவன் பின்வாங்குவதற்குள் குழந்தை அவன்மேல் தாவிவிட்டது. பல் முளைக்கும் பருவம். அவன் மோவாயைக் கவ்வி ஆசையாகச் சப்பியது. பதறி விலக்கினான். குழந்தை நாக்கைச் சப்புக்கொட்டியது.

ஜெரூஷா சிரித்தபடி அதை வாங்கி, உச்சியை முகர்ந்தாள்.

சிரிப்பு நின்றது.

"ஜேசன்... பாப்பா தலை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?"

அவன் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.

காய்ந்திருந்தது.