எமிலியானா அத்தையின் தவளை

கால் வலியும் பசியும் சேர்ந்துதான் அன்று என் வாயைத் திறந்துவிட்டன.

அம்மாவுக்கு மாலை வேலை. பள்ளி விட்டதும் என்னை வீட்டுக்கு அழைத்துப்போவது எமிலியானா அத்தைதான். அம்மா வேலை செய்யும் அதே தங்கும் விடுதியில் அறை துடைப்பவர். ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டுக் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றிவிட்டு வருவார்.

நேராக வீட்டுக்குப் போனால் பரவாயில்லை. பதினோரு நாட்களாகப் பல்கலைக்கழகத்தின் பழைய வாசல் முன்னால் நின்றுவிடுகிறார். அந்த மஞ்சள் கல் முகப்பு முழுக்க இலை, கொடி, பறவை, அரசர், அரக்கர். நடுவில் எங்கோ ஒரு சின்னத் தவளை. யாரும் காட்டாமல் அதைக் கண்டுபிடிக்கிறவர் தேர்வில் தேறுவார். எங்கள் ஊரான சலமாங்காவில் இது எல்லோருக்கும் தெரியும்.

அத்தைக்கு வெள்ளிக்கிழமை தேர்வு. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுப் பீட்ரூட் பிடுங்கப் போனவர், இப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க நுழைவுத் தேர்வு எழுதுகிறார்.

“முப்பது வருஷமா இந்தத் தெரு வழியாதான் வேலைக்குப் போறேன். ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்ல” என்பார், கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே. “நீ சொல்லிடாதே, ஒலாயா. சொன்னா ஒரு வாரம் பூரா அவிச்ச பருப்புதான் உனக்கு.”

அன்றும் நின்றோம்.

“அத்தை, பசிக்குது.”

“இரு. அந்த மூலை பாக்கி.”

“நேத்தும் அதே மூலையதான் பார்த்தீங்க.”

“நேத்து கண்ணாடியில அழுக்கு.”

“கால் வலிக்குது.”

“நான் மட்டும் என்ன, மெத்தை மேலயா நிக்கிறேன்?”

“வலது பக்கத் தூண். மண்டையோட்டு மேல” என்றேன். விரலும் நீண்டுவிட்டது.

அத்தை பார்த்தார். தவளையும் அங்கேயே இருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

“வா, சாப்பிடலாம்.”

திட்டவில்லை. பருப்பும் போடவில்லை. முட்டை பொரித்துத் தந்தார். எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் நான் ஒரு வேலை செய்தேன்.

“அத்தை, நேத்து காட்டினது தவளை இல்ல. தேரை. நிஜத் தவளை வேற இடத்துல இருக்கு.”

“பொய் சொன்னா உன் காது சிவக்குது, தெரியுமா?”

இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பிறகு அவர் கையைப் பிடித்துப் பேராலயத்தின் பக்கவாட்டு வாசலுக்கு இழுத்துப் போனேன்.

“இங்கயும் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. யாரும் எதிர்பார்க்காதது. இதுக்கு மேல கேக்காதீங்க.”

வாய் சும்மா இருக்காது என்று பயந்து, வைத்திருந்த ரொட்டியை முழுதாக உள்ளே திணித்துக்கொண்டேன். நாற்பது நிமிடம். கால் கடுத்தது. மூச்சுவிடவில்லை.

“அடியே” என்றார் அத்தை மெதுவாக. “அந்தக் குட்டிப் பிசாசு ஐஸ்கிரீம் தின்னுது.”

வாய் நிறைய ரொட்டியோடு தலையாட்டினேன்.

“இவ்வளவு பழைய கோயில்ல ஏது ஐஸ்கிரீம்?”

“அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்ப வாசலைப் பழுது பார்த்தாங்களாம். அப்ப செதுக்கினது.”

அத்தை கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “செதுக்கினவனுக்கு அன்னிக்கு வெயில் தாங்கல போல. பாவம்.”

“இது தேர்வுக்குச் செல்லுமா, அத்தை?”

“பார்ப்போம்டி.”

செல்லவில்லை. மூன்று தாள்களில் ஒன்றில் அத்தை தவறிவிட்டார்.

“படிக்காத கேள்வி வந்துச்சு. அதுக்குத் தவளை என்ன பண்ணும்?” என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இப்போது பழைய வாசலைக் கடக்கும்போது, முன்பு போலவே தலை குனிந்துகொண்டு போகிறார்.

அடுத்த வருடம் மறுபடி எழுதப்போகிறார். ஒருமுறை கண்ணில் பட்ட தவளையைத் திரும்ப ஒளித்துவைக்க முடியாது. அதனால் ஊரில் உள்ள மற்றச் சுவர்களை எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கிறேன். இப்போது எனக்கும் கழுத்து வலிக்கிறது. யாருக்கும் தெரியாத ஒன்று அகப்பட்டால், எந்தச் சுவர் என்று மட்டும் அவரிடம் சொல்வேன்.

இன்னும் அகப்படவில்லை. எமிலியானா அத்தைக்கு நான் ஒரு தவளை கடன்.