பூட்டிய வீட்டு அட்டைகள்

லிந்துலையில் அந்த வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கடனுக்காக வங்கி எடுத்துக்கொண்ட வீடு. அடுத்த வாரம் ஏலம். அடிமாட்டு விலைதான், ஆனாலும் கேட்க ஆளில்லை.

தோட்டத் தொழிலாளர் லயத்து ஒற்றை அறையை விட்டு வெளியேறத் தெரேசாவுக்கு வேறு வழியும் இல்லை. ஆசை யாரை விட்டது? காலை மழையென்றும் பாராமல் கணவன் றோலண்டை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வங்கியிலிருந்து சாவி கொண்டுவந்த சுமன் வாசற்படியோடு நின்றுகொண்டான்.

"நீங்க பாத்துட்டு வாங்கண்ணே. நான் வரல."

கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. ஊறிப்போன சாக்கும் பழைய இரத்தமும் கலந்த நாற்றம். குடையைச் சாய்த்து வைக்கச் சுவரைத் தொட்டாள். விரலில் சளிபோல ஏதோ ஒட்டியது. சேலையில் துடைத்தும் போகவில்லை. சீ, என்ன வீடோ! கூரை ஒழுகவில்லையே, கழுவிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

உள்ளறைத் தரை அசைந்தது.

அட்டைகள்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் பதினைந்து வருடம் அட்டையோடு குடும்பம் நடத்தியவள் தெரேசா. இரத்தம் கிடைக்காத அட்டை நூலாக மெலிந்திருக்கும். இவையோ திராட்சைபோல் உப்பி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெளிந்தன.

"பூட்டுன வீட்டுல யாரு ரத்தத்தைக் குடிச்சிச்சுங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"எலி கிலி இருக்கும் புள்ள..." றோலண்ட் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

ஆள் வந்தால் அட்டை ஆள் பக்கம்தான் தலை நீட்டும். இவை இவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. எல்லாமே ஒரு மூலையை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

மூலையில் யாருமில்லை.

"வேணாங்க. இந்த வீடு நமக்கு வேணாம். லயமே போதும்."

சுவரில் சாய்த்திருந்த குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

லயத்துக்கு வந்ததும் கதவைத் தாழிட்டு, காலில் சவுக்காரம் போட்டு எரிய எரியத் தேய்த்தாள். இருவர் காலிலும் ஒரு கடிகூட இல்லை. சொந்த வீட்டு ஆசை போனால் போகட்டும், இந்த அறையாவது இருக்கிறதே என்று மூச்சுவிட்டாள்.

குடையிலிருந்து ஒன்று விழுந்தது.

நூலாக மெலிந்த அட்டை. தெரேசா உப்பை அள்ளிக்கொண்டு போனாள். அது அவள் வெறுங்காலைத் தொடாமல் விலகி, அடுப்படிப் பக்கம் ஊர்ந்தது. அங்கே ஒன்றுமேயில்லாத இடத்தில், வெறும் காற்றில் மேலே ஏறத் தொடங்கியது.

கணுக்கால் உயரத்தில் நின்றது.

நின்ற இடத்திலேயே மெல்ல மெல்ல உப்பியது.