பச்சைத் துளை

நீள்துயிலிலிருந்து எழுகிறவர்களுக்குப் புதுவிளையில் முதலில் ஒரு தம்ளர் வெந்நீர் கொடுப்பார்கள். அடுத்தபடியாக, செத்துப்போனவர்களின் பட்டியல். ஐம்பத்திரண்டு வருடம் தூங்கிக்கொண்டே வேறொரு சூரியனுக்கு வந்து சேர்ந்தவருக்குப் பூமியில் யார்தான் மிச்சமிருப்பார்கள்? பட்டியல் கொடுக்கும் பெண்களுக்கு அது ரேஷன் கடையில் சர்க்கரை நிறுப்பது மாதிரியான வேலை. பெயரைச் சரிபார்ப்பார்கள், கைரேகை வாங்குவார்கள், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

மதுரவல்லியின் பட்டியலில் ஏழாவது பெயர் சிற்றம்பலம். கணவர். இறந்தபோது வயது எழுபத்தேழு. அவள் கடைசியாகப் பார்த்தபோது அவருக்கு முப்பத்தொன்பது. அவளுக்கு இன்னும் முப்பத்தைந்துதான். நீள்துயிலில் வயது ஏறாது. பெயருக்கு எதிரே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "பெட்டி ஒன்று வந்திருக்கிறது. கிடங்கு 4."

இருவருமாகத்தான் புதுவிளைக்குத் தேர்வானார்கள். புறப்பட ஒரு வாரம் இருக்கையில் சிற்றம்பலத்தின் இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். நீள்துயிலில் படுத்தால் எழுந்திருக்க மாட்டார் என்றார்கள். அவர் நின்றுகொண்டார். அவள் கிளம்பினாள். கப்பல் வாசலில், "மனசாரத்தான் அனுப்புறீங்களா?" என்று கேட்டாள். "வாரா வாரம் சொல்றேன், போ" என்றார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது. அந்தக் கேள்வியோடு படுத்தவள், அதே கேள்வியோடுதான் எழுந்தாள்.

கிடங்கில் பரிதி என்ற பெண் பொறுப்பாளராக இருந்தாள். புதுவிளையிலேயே பிறந்தவள், ஐம்பது வயதிருக்கும். அங்கே பிறந்தவர்களுக்குப் பிடரியில் எண்ணமணி என்ற ஒரு பொருளைப் பொருத்தியிருப்பார்கள். நினைத்தால் போதும், எதிராளிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வாய்ப்பேச்சு அவளுக்குக் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

"உங்க பெட்டி வந்து அஞ்சு வருஷமாச்சு. வேகக் கப்பல்ல ஏத்தி விட்டுட்டாங்க. நீங்க நடுவழியில தூங்கிட்டிருந்தப்பவே உங்களத் தாண்டி வந்திருச்சு" என்றாள்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு மேசைக் கணினி. மதுரவல்லி கிளம்பிய காலத்திலேயே அது காட்சிசாலைச் சரக்கு. கம்பியில்லாமல் பேசும் எந்தக் கருவியையும் புதுவிளை உள்ளே விடாது; எண்ணமணிகளுக்கு நோய் வந்துவிடுமாம். ஆகவே, சேதி அனுப்ப நினைத்தவர்கள் பழைய சாமான் கடையில் இப்படியொரு பெட்டியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"இத்தனை ஓட்டை எதுக்குங்க?" என்று பெட்டியின் முதுகைப் பார்த்துக் கேட்டாள் பரிதி. நியாயமான கேள்வி. பதில், உள்ளே மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தில் இருந்தது. சிற்றம்பலத்தின் கையெழுத்து.

"வல்லி, பயப்படாமல் படி. முதுகில் மேலே இருப்பது கரண்ட் வாங்கும் வாய். பக்கத்துச் சுவிட்சில் கோடு போட்ட பக்கம் அழுத்தினால் உயிர் வரும், வட்டம் போட்ட பக்கம் அழுத்தினால் போய்விடும். நீல நிறத்தில் பதினைந்து பொத்தல் உள்ளது திரைக்கு. இரண்டு திருகாணியையும் முடுக்கு. ஊதா நிற வட்டம் கீபோர்டுக்கு. மவுஸுக்குத் தட்டைத் துளை, எதில் வேண்டுமானாலும் செருகலாம். முதல் தடவை நுழையாது, திருப்பிப் போடு. அப்போதும் நுழையாவிட்டால் இன்னொரு தடவை திருப்பு. முன்பக்கம் பெரிய பட்டனை ஒரே ஒரு முறை அழுத்து. பச்சை விளக்கு எரியும். சிவப்பு விளக்கு சிமிட்டினால், உள்ளே தட்டு சுற்றிப் படித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உனக்குப் பொறுமை கிடையாது, மறுபடி அழுத்துவாய். அழுத்தாதே. கடைசியாகச் சின்னத் துளைகள். பச்சையில் மைக், ரோஸில் ஸ்பீக்கர். பச்சை விழுந்தால்தானே கிளம்ப முடியும்? பேசுகிறவனுக்குத்தான் பச்சை."

மதுரவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. விருதுநகர் ஸ்டேஷனில் சிக்னல் இலாகாவில் இருந்தவர் வேறெப்படி எழுதுவார்?

எழுதியிருந்தபடியே எல்லாவற்றையும் மாட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது, சிவப்பு சிமிட்டியது. அவள் மறுபடி அழுத்தப் போய், கையை இழுத்துக்கொண்டாள். திரையில் தேதி வாரியாக ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஒளிப்பதிவுகள் வரிசைகட்டி நின்றன. முப்பத்தெட்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள்.

முதலாவதைத் திறந்தாள். சிற்றம்பலம் வந்தார். மேசைக்குப் பின்னால் கையை விட்டு, எட்டிப் பார்க்காமலேயே துழாவி, மைக்கைச் செருகினார். திருப்தியோடு உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துப் பேச ஆரம்பித்தார்.

சத்தமே இல்லை.

பரிதி ஸ்பீக்கர் கம்பியை ரோஸிலிருந்து பிடுங்கிப் பச்சையில் செருகினாள். எதையோ தட்டியதும் கணினி 'டிங்' என்றது. சிற்றம்பலம் மட்டும் ஊமையாகவே இருந்தார்.

"பச்சை, சத்தம் வெளிய வர்ற ஓட்டைங்க. அவரு மைக்க அதுல சொருகிட்டாரு" என்றாள் பரிதி.

"எல்லா வாரமுமா?"

நடுவில் ஒன்றைத் திறந்தார்கள். நரைத்திருந்தார். கடைசியைத் திறந்தார்கள். பல் இல்லை. எல்லாவற்றிலும் வாய் அசைந்தது, குரல் இல்லை. ஒரு முறையாவது போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா என்று நாம் கேட்கலாம். எடுத்ததைத் திரும்பப் பார்க்கிற வழக்கம் மட்டும் நம்மில் யாருக்கு இருக்கிறது?

மதுரவல்லி உடைந்து அழுதாள். பரிதிக்கு மனம் கேட்கவில்லை.

"உதட்டுவாசிப்பான் இருக்குங்க. வாய் அசைவ வச்சே பேச்சைச் சொல்லிரும். ஆனா அந்த ஆளோட முகமும் குரலும் சேர்ந்தாப்புல அரைமணி நேரம் வேணும், அதுக்குப் பழகிக்க. கல்யாண வீடியோ இருக்கா?"

"இருந்தது. அதுல முழுக்கப் பாட்டுப் போட்டு நிரப்பிட்டாங்க."

"அப்ப உங்க ஞாபகத்துலயிருந்தே எடுப்போம். நினைவுத்திரைன்னு ஒண்ணு இருக்கு. கண்ணு பார்த்தது, காது கேட்டது ரெண்டும் அப்படியே திரையில வரும். எத்தன வருஷம் குடித்தனம்?"

"பதினொண்ணு." மதுரவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அரைமணி நேரம் என்ன, அஞ்சாயிரம் மணி நேரம் கிடைக்கும். அவருக்கு வாய் ஓயாது."

நினைவுத்திரையின் பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு படுத்தாள். பரிதி முடுக்கினாள். உடனே குரல் வந்தது, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேசுவது போல. "வல்லி, இன்னைக்கு ஸ்டேஷன்ல ஒரு கூத்து..."

மதுரவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஐம்பத்திரண்டு வருட ஏக்கம் அந்த ஒரு குரலுக்கு. ஆனால் திரையில் யாரோ ஒருத்தி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். ஒரு விரல் அவளை மேலே தள்ளிவிட்டது. ஒரு பூனை வந்தது. அதையும் தள்ளியது.

"இது யாரு வீடு?"

"தெரியலையே" என்றாள் மதுரவல்லி.

வேறொரு வருடத்துக்குப் போனார்கள். சிற்றம்பலம் தன் அம்மாவின் ஆபரேஷனைப் பற்றிக் கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் சேலைத் தள்ளுபடி. நடுவே மதுரவல்லியின் குரல் கேட்டது: "ம்... சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்." இன்னொரு வருடம், இன்னொரு வருடம். பேசும்போது அவர் முகம் தெரிந்தது எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம். அதிலும் பாதி, கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று அவர் கேட்டது.

"உங்க கையில எப்பப் பார்த்தாலும் ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு இருக்கே, அது என்னங்க?"

"கைப்பேசி."

"அவரு அதுக்குள்ள இருந்தாரா?"

"இல்ல" என்றாள் மதுரவல்லி. "பக்கத்துல இருந்தாரு."

கடைசியாகக் கப்பல் வாசலுக்குப் போனார்கள். "மனசாரத்தான் அனுப்புறீங்களா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. ஒரு நீண்ட மௌனம். அப்போது அவர் முகம் எப்படி இருந்ததோ, யாருக்குத் தெரியும்? திரையில் பளிச்சென்று அவளுடைய படுக்கை எண்ணும் ஏறும் வாசல் எண்ணும்தான் இருந்தன. "வாரா வாரம் சொல்றேன், போ" என்றது குரல்.

பரிதி பட்டையை அவிழ்த்தாள். "பத்தாதுங்க" என்றாள் மெதுவாக.

மதுரவல்லி எழுந்து போய் நாற்காலியைக் கணினித் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு, முதல் ஞாயிற்றுக்கிழமையை மறுபடி திறந்தாள். அவர் பேசினார். பேசும்போது இடது புருவம் மட்டும் ஏறுவதை முதன்முதலாகக் கவனித்தாள். ஏதோ சொல்ல வந்து, கீழுதட்டைக் கடித்து, விழுங்கினார். அவள் கேட்ட கேள்விக்கான பதில் அந்த உதடுகளில் எங்கேயோ இருந்தது. அவள் இமைக்காமல் பார்த்தாள். அது முடிந்ததும் இரண்டாவது ஞாயிறு.

வெளியே உணவுக்கூடத்தின் மணி அடித்தது. பரிதி அவள் தோளைத் தொட்டாள். "நேரமாச்சுங்க. மூடிருவாங்க. சாப்பிட வாங்க."

மதுரவல்லி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "அவரு பேசிக்கிட்டிருக்காரு."